துஷ்டனும் திகிலும்

கதைகளில் வரும் நல்லவனை நாம் மெச்சுகிறோம். ஆனால் நெடுநாள் மனத்தில் நிற்பவன் பெரும்பாலும் துஷ்டன்தான். இதன் ரகசியம் என்ன? அமெரிக்க ஆசிரியர் தாமஸ் ஹாரிஸின் குற்ற நாவல் வரிசையைக் கொண்டு சற்று ஆராய்வோம்.

அவ்வரிசையின் துஷ்டன் டாக்டர் ஹானிபல் லெக்டர். மனோவியாதி வைத்தியன், சங்கீத ரசிகன், பேச்சில் வெகு மரியாதை உள்ளவன். அத்தகையவன் நரமாமிசம் தின்னும் கொலைகாரன்! 1981-ல் வெளிவந்த 'ரெட் டிராகன்' நாவலில் அவன் சில இடங்களில் மட்டுமே தலைகாட்டுகிறான்.

1988-ல் வந்த 'தி சைலன்ஸ் ஆப் தி லாம்ப்ஸ்' நாவலில், வேறொரு கொலைகாரன் செனட்டர் ஒருவரின் மகளைக் கடத்தித் தன் வீட்டு நிலவறைக் கிணற்றில் அடைத்து வைக்கிறான். துப்பறியும் இலாகாவில் பயிற்சி பெறும் கிளாரிஸ் ஸ்டார்லிங் என்னும் பெண், காவலில் இருக்கும் லெக்டரிடம் துப்புக் கேட்கிறாள். அவனோ, அதற்கு விலையாக அவளுடைய பால்ய நினைவுகளைக் கேட்கிறான்! அவன் வேடிக்கையாகப் பேசிப் பொழுது போக்கும் ஒவ்வொரு நிமிஷமும், கிணற்றிலுள்ள பெண்ணின் ஆயுளில் ஒரு நிமிஷமல்லவா?

திகில் இங்கேதான் பிறக்கிறது. சினிமா டைரக்டர் ஆல்பிரட் ஹிட்ச்காக் இதை நன்கு விளக்கியிருக்கிறார். மேஜைக்கு அடியில் வெடிகுண்டு திடீரென்று வெடித்தால், பார்ப்பவர்களுக்குச் சில விநாடி அதிர்ச்சிதான். குண்டு இருப்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், வெடிக்கும் வரையில் அவர்கள் நெஞ்சு பதைத்துக்கொண்டிருக்கும்.

இந்நாவல் 1991-ல் சினிமாப் படமாயிற்று. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படத்தில் லெக்டராக நடித்த ஆண்டனி ஹாப்கின்ஸ் திரையில் தோன்றுவது அரை மணிக்கும் குறைவே. ஆயினும் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிசு அவருக்கே கிடைத்தது. குறைவாகக் காட்டியதால் அச்சம் பெருகிற்று.

2006-ல் வந்த 'ஹானிபல் ரைசிங்' நாவலிலோ, யுத்த காலத்தில் தங்கையைப் பறிகொடுத்த அவனுடைய இளமை விவரிக்கப்படுகிறது. அதைப் படிக்கையில் இரக்கம் உண்டாகிறது. பழைய அச்சம் குன்றிவிடுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

இந்நூல்கள் சிறுவர் கையில் கொடுக்கத் தக்கவை அல்ல. பெரியவர்களாகிய நாமும் ஒன்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும். லெக்டரின் சாமர்த்தியத்தில் மயங்கி, கிணற்றில் கிடக்கும் பெண்ணை மறந்துவிட்டோமானால், குற்றம் நமக்கு வெறும் வேடிக்கையாகிவிடும். அவள் பிழைப்பாளா என்ற கவலையோடு அடுத்த பக்கத்தைப் புரட்டுவதே நல்ல வாசகருக்கு அழகு.