சப்பாத்திக்கள்ளியில் நண்பன் யார்? பகைவன் யார்?

செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் வழியில் பழையசீவரம் என்றோர் ஊர் உள்ளது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் அதன் அருகே கூடுகின்றன. எதிர்க்கரையிலுள்ள ஊருக்குத் திருமுக்கூடல் என்றே பெயர். சென்ற ஆண்டு மாணவர் சிலருடன் பழையசீவரம் குன்றில் ஏறினேன். பாறைகளுக்கிடையே ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதர் இருந்தது. அதன் மடல்களில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெண்ணிறத் திட்டுகள் தெரிந்தன.

"ஐயா, செடியைப் பூச்சி அரிக்கிறது, மருந்து அடிக்க வேண்டாமா?" என்று கேட்டான் ஒரு மாணவன்.

நான் ஒரு குச்சியால் அந்தப் பஞ்சைச் சிறிது எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்து நசுக்கினேன். தாளில் இரத்தம் போன்ற செந்நிறம் பரவியது. மாணவர்கள் வியப்புடன் பார்த்தனர். அது நோயன்று, கொச்சினீல் என்னும் பூச்சி. அது நமக்கு நண்பனா, பகைவனா? விடை கூறுமுன் ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

தவறாக வந்த பூச்சி

சப்பாத்திக்கள்ளி நம் நாட்டுச் செடியன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்கே, மெக்சிகோவில், கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி அரிய சிவப்புச் சாயம் எடுத்து வந்தனர். ஒரு கிலோ சாயப்பொருளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் தேவை. ஆகவே அதன் விலை மிக அதிகம். அந்த வாணிகத்தைப் பல காலம் ஸ்பெயின் நாடு தன் கையில் வைத்திருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவிலும் அந்தச் சாயத்தைத் தயாரிக்க விரும்பினர். சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவை சாயத்துக்குரிய உயர்ந்த இனம் அல்ல. தோற்றத்தில் ஒத்த வேறோர் இனம். சாயம் மட்டமாக இருந்தது. வாணிகம் தோற்றது. ஒரு பூச்சியை அடையாளம் காண்பதில் நேர்ந்த பிழையால் வந்த விளைவு இது.

ஆயினும் அந்தப் பூச்சி வேறொரு வேலையைச் செய்தது. ஒருவகைக் கள்ளியை உறிஞ்சியே அழித்தது. இதைக் கண்டு, களையாகப் பரவியிருந்த கள்ளியை ஒழிக்க 1860களில் அதனை இலங்கைக்குக் கொண்டு சென்றனர். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பூச்சியைக் கொண்டுசென்று களையை அடக்கிய முயற்சிகளில் இதுவே மிகப் பழையவற்றுள் ஒன்று.

தென்னிந்தியாவில் வயல் ஓரங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிக்கொண்டது வேறோர் இனக் கள்ளி. அதை முதற்பூச்சி தீண்டவில்லை. 1926இல் இலங்கையிலிருந்து இரண்டாவது இனமான 'டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே' கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் புதர்கள் வாடிச் சரிந்தன. நிலம் மீண்டும் மக்கள் கைக்கு வந்தது. இரண்டு பூச்சிகளும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கள்ளிக்கோ அவை ஒன்றல்ல!

அடையாளம் காண்பது எப்படி?

கள்ளியில் நீங்கள் காணக்கூடிய வெண்ணிறப் பூச்சிகள் நான்கு வகை.

முதலாவது கொச்சினீல். வளர்ந்த பெண் பூச்சி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும். பஞ்சுக்குள் அதன் உடல் இருக்கும். நசுக்கினால் செந்நிறம் வரும்.

இரண்டாவது மாவுப்பூச்சி. உடலில் மாவு தூவியது போலிருக்கும். மெல்ல ஊர்ந்து செல்லும். நசுக்கினால் கொச்சினீலின் கருஞ்சிவப்பு வராது. அதன் இனிப்பான கழிவைத் தேடி எறும்புகள் வருவதுண்டு.

மூன்றாவது செதில்பூச்சி. தட்டையான, சிறிய வட்டச் செதில்கள் மடலில் ஒட்டியிருக்கும். பஞ்சு இராது.

நான்காவது நம்மை ஏமாற்றுவது. இதுவும் வெண்மெழுகு இழைகள் போர்த்தியது. மாவுப்பூச்சி போலவே தோன்றும். ஆனால் அதைவிடப் பெரியது, சுறுசுறுப்பாக ஓடும். இது ஒரு பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிகளைத் தின்று வாழ்வது. காப்பித் தோட்டப் பூச்சிகளை அடக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு இது.

இந்த நான்காவதால் நானே ஏமாந்திருக்கிறேன். வீட்டுத் தொட்டியில் வளர்த்த கள்ளியில் வெள்ளைப் பூச்சிகள் கண்டேன். ஓடியவற்றை முதலில் பொறுக்கி அழித்தேன். ஓடாதவை தப்பின. இரண்டு வாரத்தில் செடி முழுவதும் மாவுப்பூச்சி! காவற்காரனைக் கொன்றுவிட்டுக் கள்வனை விட்டுவைத்தேன் என்பது பிறகே புரிந்தது. எனவே, ஓடுவதை நசுக்காதீர்கள்.

பஞ்சுக்குள் இருக்கும் பௌதிகம்

கொச்சினீல் மீது ஒரு துளி நீர் விடுங்கள். நீர் பரவாமல் முத்துப்போல உருண்டு நிற்கும். மெழுகு இழைகள் நீரை ஒட்டவிடுவதில்லை. மழை அந்தப் பூச்சியை எளிதில் நனைக்காததன் காரணம் இதுவே. நீரில் சிறிது சோப்பைக் கரைத்துவிட்டால் பரப்பு இழுவிசை குறையும். நீர் இழைகளுக்கிடையே நுழைந்துவிடும். தொட்டிச் செடிகளில் மாவுப்பூச்சிக்குச் சோப்பு நீர் தெளிப்பது இதனால்தான்.

காலில்லாதது போல் அசையாமல் கிடக்கும் பூச்சி அடுத்த புதருக்கு எப்படிப் போகிறது? ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத அதன் குஞ்சுகள் காற்றில் மிதந்து செல்கின்றன. ஒரு பொருளின் நீளம் பத்தில் ஒன்றானால், பரப்பு நூறில் ஒன்றாகும். எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். எடையோடு ஒப்பிட்டால் பரப்பு பத்து மடங்கு கூடுகிறது. எனவே குஞ்சு மிக மெதுவாக விழும். உடலில் உள்ள நீண்ட மெழுகு இழைகள் காற்றின் தடையை மேலும் கூட்டுகின்றன. ஆண் பூச்சி மட்டும் சிறகு பெற்றுப் பறக்கும்.

செந்நிறத்தைத் தருவது கார்மினிக் அமிலம். எறும்பு போன்ற எதிரிகளை விலக்க இது பூச்சிக்கு உதவுகிறது. இச்சாற்றை நீரில் கலந்து மூன்று பங்காக்குங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறும் மற்றொன்றில் சுண்ணாம்பு நீரும் சில துளிகள் விடுங்கள். முதலாவது ஆரஞ்சு நிறத்தை நோக்கியும், இரண்டாவது ஊதாவை நோக்கியும் மாறும். மூன்றாவதை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள்.

இச்சோதனைகளின்போது எச்சரிக்கை தேவை. கள்ளியின் பெரிய முட்களைவிட, அவற்றின் அடியிலுள்ள மயிர் போன்ற நுண்முட்களே தொல்லை தருபவை. கையால் தொடாமல் குச்சியைப் பயன்படுத்துங்கள். சதுரக்கள்ளி போன்ற பால் வடியும் கள்ளிகள் வேறு குடும்பத்தவை. அவற்றின் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். கொச்சினீலும் அவற்றில் வளர்வதில்லை.

இடம் மாறினால் பெயரும் மாறும்

ஆஸ்திரேலியாவில் 1925 அளவில் சுமார் 6 கோடி ஏக்கரைக் கள்ளி மூடியிருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த 'காக்டோபிளாஸ்டிஸ்' என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள் சில ஆண்டுகளில் அதில் பெரும்பகுதியை அழித்தன. நன்றி பாராட்டி, அப்பூச்சியின் பெயரில் ஒரு மண்டபமே கட்டினர்! அதே பூச்சி 1989இல் அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டபோது பகைவனாயிற்று. அங்கே கள்ளி இயற்கையாக வளரும் சொந்தச் செடி.

நம் நிலத்தை மீட்ட டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே 2014இல் மொராக்கோ நாட்டில் தோன்றியது. கனிக்காகவும் தீவனத்துக்காகவும் கள்ளி பயிரிட்ட உழவர்களுக்கு அது பேரிழப்பு. பொறிவண்டின் கதையும் இதுவே. தொட்டிச் செடியில் அது காவற்காரன். களைக்கள்ளியை அடக்கும் கொச்சினீலைத் தின்னும்போது, நம் வேலையைக் கெடுப்பவனும் அதுவே.

அப்படியானால் பழையசீவரத்து மாணவன் கேட்ட கேள்விக்கு என்ன விடை? பூச்சியின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. அது எந்தச் செடியில் இருக்கிறது, அந்தச் செடி அங்கே நமக்குத் தேவையா என்பதும் தெரிய வேண்டும். அந்தக் குன்றில் கள்ளி வந்தேறிய களை. பூச்சி அதற்குக் கடிவாளம். எனவே மருந்து தெளிக்காமல் திரும்பினோம்.

உங்கள் ஊர்க் கள்ளியிலும் இந்த நால்வரில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கைக்கண்ணாடியுடன் சென்று பாருங்கள். மருந்துக் குப்பியைத் திறப்பது பிறகு இருக்கட்டும்.