பாலாற்றுப் படுகையின் நீண்டகாலத் தரவுகளும் காந்த நாடாக் காப்பின் இணக்கச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரத்தின் நீர் மாசுத் தரவுகள் பல பத்தாண்டுகள் பயன்பட வேண்டியவை. பணிநிலையக் கணினிகளில் காப்புப்படி எடுக்கப் பயன்பட்ட காந்த நாடாக்கள் நீண்ட காலம் கெடாமல் இருக்கலாம். ஆயின் அவற்றைப் படிக்கும் கருவிகள் விரைவில் வழக்கொழிகின்றன. இவ்விடைவெளியின் காரணங்களையும் அதனைக் கடக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாலாறு, தோல் தொழில், காந்த நாடா, காப்புப்படி, பின்னோக்கு இணக்கம், மின்னணுச் சான்று

முன்னுரை

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்துவோரே இழப்பீடு தரவேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்தியச் சூழலியல் சட்டத்தின் கூறுகளாக அத்தீர்ப்பு ஏற்றது. பாதிக்கப்பட்டோர் 29,193 பேர் என இழப்பீட்டு ஆணையம் 2001இல் கண்டறிந்தது. 2025 சனவரி 30 அன்றும் பாலாற்றுப் பகுதியின் இழப்பீடு, சீரமைப்பு குறித்து உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. ஆகவே, ஒரு கிணற்று நீரின் அன்றைய உப்புத்தன்மையை இன்றைய நிலையோடு ஒப்பிட ஏறத்தாழ 30 ஆண்டுத் தரவு தேவைப்படுகிறது. இத்தகைய தரவைக் கணினியில் பேணும் ஆய்வகமோ தொழிற்சாலையோ எதிர்கொள்ளும் முதன்மையான வினா, பழைய காப்புப்படியை இன்று படிக்க இயலுமா என்பதே.

தலைமுறை இணக்கம்

1990களில் பணிநிலையக் கணினிகளில் டி.டி.எஸ். வகை நாடா பரவலாக வழங்கிற்று. 1996இல் டி.டி.எஸ்.-2 நாடாவில் பதியப்பட்ட தரவை 1999இல் வந்த டி.டி.எஸ்.-4 கருவி படித்தது. 2003இல் வந்த டாட்-72 கருவியோ டி.டி.எஸ்.-3, டி.டி.எஸ்.-4 நாடாக்களை மட்டுமே ஏற்றது. அதாவது, ஏழே ஆண்டுகளில் அந்நாடா புதிய கருவிக்குப் புறத்தே நின்றது. 2009இல் வெளிவந்த டாட்-320 உடன் அவ்வரிசையே முடிவுற்றது.

2000இல் அறிமுகமான எல்.டி.ஓ. வரிசையிலும் இப்போக்கு காணப்படுகிறது. ஏழாம் தலைமுறை வரை ஒரு கருவி தனக்கு முந்தைய இரு தலைமுறை நாடாக்களைப் படித்தது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறையில் படிப்புமுனையின் தொழில்நுட்பம் மாறியதால் இவ்வசதி ஒரு தலைமுறையாகச் சுருங்கியது. 2025இல் வந்த பத்தாம் தலைமுறைக் கருவி ஒன்பதாம் தலைமுறை நாடாவையும் படிப்பதில்லை. எல்.டி.ஓ. நாடாவின் ஆயுள் உரிய சேமிப்புச் சூழலில் 30 ஆண்டுகள் வரை எனக் கூறப்படுகிறது. கோடையில் 40 பாகை செல்சியசைக் கடக்கும் வேலூரில் குளிரூட்டப்படாத அறை அத்தகைய சூழலாகாது.

இணைப்பும் உற்பத்தியாளர் ஆதரவும்

பொருத்தமான கருவி கிடைப்பதால் மட்டும் சிக்கல் தீர்வதில்லை. பழைய கருவிகள் ஸ்கசி இணைப்பைக் கொண்டவை. இன்றைய கணினிகளில் அதற்குரிய அட்டையோ இயக்கி மென்பொருளோ பெரும்பாலும் இருப்பதில்லை. வணிகக் காப்பு மென்பொருளின் தனிவடிவில் பதிந்த நாடாவைப் படிக்க அம்மென்பொருளே வேண்டும். எல்.டி.ஓ.-4 முதல் கிடைக்கும் குறியாக்க வசதியைப் பயன்படுத்தியிருந்தால் திறவுகோலும் தேவை. எழுதும் முனை சிறிது விலகிய கருவி, தான் மட்டுமே படிக்கக்கூடிய நாடாக்களை உருவாக்கிவிடும். அக்கருவி பழுதாகும் நாளில்தான் குறை வெளிப்படும்.

உற்பத்தியாளர் எண்ணிக்கை குறைவதும் இடர்ப்பாட்டைப் பெருக்குகிறது. சோனி, ஃபூஜிஃபிலிம் நிறுவனங்களுக்கிடையிலான காப்புரிமை வழக்கால் 2019இல் எல்.டி.ஓ.-8 நாடாக்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கருவி இருந்தும் நாடா கிடைக்காத நிலை அது.

சட்டத்தின் எதிர்பார்ப்பு

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 7ஆம் பிரிவு, மின்னணுப் பதிவு பின்னர் எடுத்துப் பார்க்கத்தக்கவாறு அணுகக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்கிறது. எனவே, படிக்க இயலாத நாடாவைப் பெட்டகத்தில் வைத்திருப்பது பதிவைப் பேணியதாகாது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம், 63ஆம் பிரிவின்கீழ் தரும் சான்றிதழில் பதிவின் சரிபார்ப்பு மதிப்பையும் கோருகிறது. பதிந்த நாளிலேயே அம்மதிப்பைக் கணித்து வைத்தால், பிற்காலத்தில் தரவு மாறவில்லை எனக் காட்டுதல் எளிதாகும்.

பேணும் வழிகள்

முதலாவது, புதிய தலைமுறைக் கருவி வந்ததும், பழைய கருவி இயங்கும்போதே தரவைப் பெயர்த்துப் பதிதல். இரண்டாவது, டார் அல்லது 2010இல் வந்த எல்.டி.எஃப்.எஸ். போன்ற திறந்த வடிவங்களைக் கையாளுதல். மூன்றாவது, எழுதிய கருவியை விடுத்து வேறொரு கருவியில் நாடாவை ஆண்டுதோறும் படித்துப் பார்த்தல். நான்காவது, நாடாவின் தலைமுறை, மென்பொருள் பதிப்பு, குறியாக்கம் ஆகிய விவரங்களைத் தாளில் எழுதி நாடாவுடன் வைத்தல். ஐந்தாவது, அளவீட்டு எண்களை எளிய உரைக்கோப்பாக மற்றோர் ஊடகத்திலும் சேமித்தல். கிணற்று நீர் அளவீடுகள் கொள்ளளவில் சிறியவை. ஆதலால் ஐந்தாம் வழிக்குச் செலவு மிகக் குறைவு.

முடிவுரை

பாலாற்றுப் பாதிப்பு குறித்த வழக்கு, ஒரு நாடாத் தலைமுறையின் காலத்தைவிடப் பன்மடங்கு நீண்டது. அவ்வட்டாரத்தின் உழவர் தம் கிணறு எப்போது உவர்த்தது என்பதை மெய்ப்பிக்கவும், தோல் தொழிலகத்தார் தம் சுத்திகரிப்பின் பயனைக் காட்டவும் பழைய அளவீடுகளே துணை. ஆகவே, தரவுப் பெயர்ப்புக்கான காலமும் செலவும் காப்புத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.