அனுப்புநர் முகவரியை எழுதுவது யார்?

கடிதம் எழுதும்போது இடப்பக்கம் மேலே ‘அனுப்புநர்’ என்று போட்டுப் பழகியவர்கள் நாம். கணினி அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புநர் முகவரி உண்டு. அதை எழுதுவது யார் என்று, நெட்வொர்க் வேலையிலேயே இருந்தும், 2012 வரை நான் யோசித்ததில்லை.

மும்பையில் நான் அப்போது இருந்த நிறுவனத்தில், தொழிலாளர் சம்பளப் பட்டியலை வங்கிக்கு அனுப்ப ஒரு சர்வர். நாங்கள் பதிவு செய்து கொடுத்திருந்த ஒரே முகவரியிலிருந்து வந்தால்தான் வங்கியின் ஃபயர்வால் கதவைத் திறக்கும். மாதக் கடைசி நாளில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். பிறகு ஒன்றுமே போகவில்லை. மறுப்புகூட வரவில்லை, வெறும் மௌனம். முந்தின வாரம் அதே நெட்வொர்க் கார்டில் இரண்டாவது முகவரி சேர்த்த பையன்மேல் பழி விழுந்தது. “நான் சேர்த்தப்புறம் ஒரு வாரம் நல்லாத்தானே சார் ஓடிச்சு?” என்றான். யாரும் காதில் வாங்கவில்லை.

விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. புரோகிராம் சாக்கெட்டைத் திறந்து, ‘கனெக்ட்’ என்று சேருமிடத்தை மட்டும் சொல்கிறது. அனுப்புநர் இடம் காலி. லினக்ஸ் கெர்னல் ரூட்டிங் டேபிளில் வழி தேடுகிறது. அந்த வழியில் ‘சோர்ஸ்’ குறித்திருந்தால் அதை நிரப்பும், இல்லையென்றால் அந்தக் கார்டின் முதன்மை முகவரியை நிரப்பும். ஒரே சப்நெட்டில் முதலில் ஏறியதுதான் முதன்மை. பையன் சேர்த்தபோது புதியது இரண்டாவதாகத்தான் இருந்தது. ரீஸ்டார்ட்டில் ஸ்கிரிப்ட் அதை முதலில் ஏற்றிவிட்டது. தம்பி மூத்தவனாகிவிட்டான்! டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ரூட்டில் சோர்ஸ் முகவரியைக் குறித்தோம். பட்டியல் போய்ச் சேர்ந்தது.

முறையான வழி, புரோகிராமே தன் முகவரியைச் சொல்வதுதான். கனெக்டுக்கு முன்னால் ‘பைண்ட்’ அழைத்து, வேண்டிய முகவரியையும் போர்ட் எண்ணாகப் பூஜ்யத்தையும் கொடுக்க வேண்டும். பூஜ்யம் என்றால் ‘போர்ட்டை நீயே பார்த்துக்கொள்’ என்று பொருள். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி காலத்திலிருந்தே உள்ள வசதி இது. பைண்ட் என்பது காத்திருக்கும் சர்வருக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல். சேருமிடம் தெரியாமலே பைண்ட் போர்ட்டைப் பிடித்துவைப்பதால், ஒரே முகவரியிலிருந்து ஆயிரக்கணக்கில் இணைப்பு போட்டால் போர்ட்டுகள் தீர்ந்துபோகும். லினக்ஸின் இயல்பான வரம்பு 32768 முதல் 60999 வரைதான். கனெக்ட் வரை போர்ட்டைத் தள்ளிப்போடும் வசதி 2015இல், 4.2 கெர்னலில் வந்தது.

இன்னொன்று, முகவரியை மாற்றினால் போகும் பாதை மாறாது. இரண்டு இன்டர்நெட் லைன் இருந்தால், ஒன்றின் முகவரி மற்றதன் வழியே போய் அங்கேயே தடுக்கப்படலாம். அதற்கு அனுப்புநர் முகவரியைப் பார்த்து வழி பிரிக்கும் விதி தனியாக எழுத வேண்டும்.

‘ஐபி ரூட் கெட்’ என்று சேருமிடத்தைக் கொடுத்தால், எந்த முகவரி விழும் என்று கெர்னலே சொல்லிவிடும். இதை எனக்குக் காட்டியது அந்தப் பையன்தான். அதற்குள் அவன் வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தான்.