வெந்நீர்க் கருவியைப் பேணுவோம்

பத்தாம் வகுப்பு மாணவி

சளி பிடித்தால் வெந்நீர், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர், மூட்டுவலியால் வருந்தும் முதியோருக்கும் வெந்நீர் என்று நம் இல்லங்களில் வெந்நீருக்கு என்றும் தேவை உண்டு. முன்பெல்லாம் புறவாசலில் அடுப்புக் கூட்டி, பனைமட்டையும் தென்னம்பாளையும் எரித்து, செம்பு அண்டாவில் வெந்நீர் போட்டார்கள். பின்னர் செம்புப் பாய்லர் வந்தது. இன்று ஏரலிலும் பல வீடுகளின் குளியலறைச் சுவரில் மின்சார ஹீட்டர் தொங்குகிறது. ஸ்விட்சைப் போட்டால் சற்று நேரத்தில் வெந்நீர் வந்துவிடுகிறது.

அண்டாவை எங்கள் ஆச்சி வாரந்தோறும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். அதன் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது. ஆதலால் கை தானாகத் தேய்த்தது. ஹீட்டரின் உட்புறமோ கண்ணுக்குத் தெரிவதில்லை. வாங்கி மாட்டிய நாள் முதல் பழுதாகும் நாள் வரை அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இவ்வாறு கவனியாமல் விடுவதால் பண நஷ்டம் மட்டுமன்றி உயிருக்கும் ஆபத்து நேரக்கூடும். எனவே அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

உள்ளே இருப்பவை

சாதாரண ஹீட்டரில் ஒரு தொட்டி உண்டு. குளிர்ந்த நீர் அதன் அடிப்பகுதிக்கு வருகிறது. சூடான நீர் இலேசானதாகையால் மேலே எழும்பி, மேற்பகுதியிலுள்ள குழாய் வழியே வெளியேறுகிறது. நீரைச் சூடாக்குவது காயில். போதிய சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். இவற்றுடன் தொட்டியைத் துருவிலிருந்து காக்க ஒரு மக்னீசியம் தண்டும், அழுத்தத்தை வெளியேற்ற ஒரு சேஃப்டி வால்வும் இருக்கும்.

உப்பும் முத்தும்

நம் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. ஆற்று நீர் கிடைக்கும் வீடுகளில் தொல்லை குறைவு. ஆனால் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருப்போர் பலர். அந்நீர் பெரும்பாலும் கடின நீர். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது.

கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. இது நீரில் எளிதில் கரையாது. ஆகவே காயிலின்மேல் வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. ஒரு காலத்தில் பரதவர் மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கி எடுத்த முத்தும் பெரும்பாலும் இதே கால்சியம் கார்பனேட்தான் என்பது வியப்பன்றோ! சிப்பிக்குள் விளைந்தால் செல்வம். காயிலில் படிந்தால் செலவு.

இப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. காயிலின் சூடு நீருக்குச் செல்லத் தடையாவதால் காயில் அளவுக்கு மீறிச் சூடேறி, நாளடைவில் எரிந்துபோகிறது. உதிரும் பொருக்குகள் தொட்டியின் அடியில் தங்கி, நீர் நிற்கும் இடத்தையும் குறைக்கின்றன.

எகிப்திய அரசி கிளியோபாட்ரா முத்தைப் புளித்த காடியில் கரைத்துக் குடித்ததாக ரோமானியரான பிளினி எழுதிவைத்துள்ளார். முத்து அவ்வளவு விரைவில் கரையாது. ஆயினும் அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும் என்பது உண்மை. இதே முறையில்தான் எலக்ட்ரீஷியன் காயிலைக் கழற்றி, வினிகரிலோ சிட்ரிக் அமிலம் கலந்த நீரிலோ ஊறவைத்துச் சுத்தம் செய்கிறார். கழிவறை கழுவும் கடும் அமிலத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது உலோகத்தையே அரித்துவிடும்.

தன்னைத் தேய்த்துக்கொள்ளும் தண்டு

1824ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிவியலறிஞர் ஹம்ப்ரி டேவி ஓர் உண்மையை வெளியிட்டார். கப்பலின் அடியிலுள்ள செம்புத் தகட்டுடன் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டு ஒன்றை இணைத்தால், கடல்நீர் அத்துண்டை அரிக்கும், செம்பு தப்பிவிடும். இன்றும் கப்பல்களின் எஃகு அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். ஹீட்டரிலுள்ள மக்னீசியம் தண்டு செய்வதும் இதே வேலைதான். தான் தேய்ந்து, எஃகுத் தொட்டியைக் காக்கிறது. அது முற்றிலும் தேய்ந்தபின் துரு தொட்டியைப் பிடிக்கும். தொட்டி ஓட்டையானால் கருவியையே மாற்ற வேண்டியதுதான். எனவே ஆண்டுக்கொரு முறை தண்டைப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். எஃகுத் தொட்டி அல்லாத சில கருவிகளில் இத்தண்டு இராது.

ஒரு டம்ளர் தண்ணீர்

15 லிட்டர் நீரை 28 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால், அது ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் பெருகும். அதாவது ஒரு டம்ளர் அளவு. மூடிய தொட்டியில் இந்த ஒரு டம்ளர் நீர் எங்கே போகும்? அதற்கு வழிவிடுவதே சேஃப்டி வால்வு. தெர்மோஸ்டாட் பழுதாகி நீர் அளவுக்கு மீறிச் சூடேறினாலும், தொட்டி வெடிக்காமல் காப்பது இதுவே. குக்கரின் வெயிட் போன்றது என்று கொள்ளலாம்.

சூடேறும்போது வால்விலிருந்து சிறிது நீர் சொட்டுவது இயல்பு. ஆனால் சிலர் தரை ஈரமாகிறதென்று அதை அடைத்துவிடுகிறார்கள். இது குக்கரின் வெயிட்டை அழுத்திப் பிடித்துக்கொள்வதற்கு ஒப்பாகும். ஒருபோதும் அவ்வாறு செய்யலாகாது. எந்நேரமும் ஒழுகினால் எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்ட வேண்டும்.

மின்சாரமும் வெள்ளமும்

எங்கள் அத்தை வீட்டில் ஒரு நாள் குளியலறைக் குழாயைத் தொட்டதும் சுருக்கென்றது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது காயிலில் கசிவு இருந்தது. எர்த் கம்பியும் கழன்றிருந்தது. ஈர உடம்பில் மின்சாரம் எளிதில் பாயுமாதலால், எர்த் இணைப்பு சரியாக இருத்தல் மிகமிக அவசியம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்துவது இன்னும் பாதுகாப்பு. 

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் ஊர் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருக்கெடுத்து ஏரல் மற்ற ஊர்களிலிருந்து துண்டிக்கப்பட்டது. இத்தகைய வெள்ளத்தில் நனைந்த ஹீட்டர், வெளியே காய்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் உள்ளே ஈரமும் சேறும் தங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்துச் சரியென்று சொல்லும் வரை அதன் ஸ்விட்சைத் தொடலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

நாள்தோறும்: ஸ்விட்சைப் போடுமுன் வெந்நீர்க் குழாயைத் திறந்து நீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மாடித் தொட்டி வற்றியிருக்கையில் ஹீட்டரைப் போட்டால் காயில் எரிந்துவிடும். 2000 வாட் ஹீட்டர் 15 லிட்டர் நீரை மேற்சொன்ன அளவுக்குச் சூடாக்க 17 நிமிடம் போதும்; செலவு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஆகவே ஒரு மணி நேரம் போட்டுவைக்கத் தேவையில்லை. குளிக்குமுன் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும்.

மாதந்தோறும்: ஒழுகல், துரு நிறத் தண்ணீர், கருகிய வாடை, சூடேறிய பிளக் ஆகியவை உண்டா என்று கவனிக்க வேண்டும். சூட்டை 60 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம். உப்பு விரைவில் படியும், சிறு குழந்தைகளின் தோல் சில நொடிகளில் வெந்துவிடும்.

ஆண்டுதோறும்: எலக்ட்ரீஷியனைக் கொண்டு தொட்டியைக் கழுவி, காயிலின் உப்பை நீக்கி, தண்டு, வால்வு, தெர்மோஸ்டாட், எர்த் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் ஆறு மாதத்திற்கொரு முறை கழுவுவது நலம். கருவியைத் திறக்கும் வேலையை நாமாகச் செய்யலாகாது.

அன்புத் தோழியரே! ஹீட்டர் எரிந்தால் புதிது வாங்கிவிடலாம். ஆனால் குளியலறையில் நேரும் விபத்தை எந்தக் கடையிலும் விலை கொடுத்துச் சரிசெய்ய முடியாது. இன்று வீட்டிற்குச் சென்றதும் பெற்றோரிடம், “நம் ஹீட்டரைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தோம்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர்களுக்கு உடனே பதில் நினைவுக்கு வராவிட்டால், எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.