இரண்டு பேட்டரி தீர்மானித்த உலக அளவு

ராணுவ டாங்கியின் பிளாஸ்டிக் மாடல் கிட்டை உலகின் எந்த ஊரில் வாங்கினாலும், பெட்டியின் மேல் பெரும்பாலும் 1/35 என்ற எண் இருக்கும். அசல் வண்டியை 35-ல் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யோசித்தால் விசித்திரமான எண்தான். விமான மாடல்களில் 1/72 என்று இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு அது. 1/48 என்றால் ஓர் அடிக்குக் கால் அங்குலம். மீட்டர் கணக்கில் போகிறவர்கள் 1/50, 1/100 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 35 எதிலும் அடங்காது. அது எப்படி வந்தது என்று தேடிப் போனால், ஜப்பானில் ஒரு மரக்கடைக் குடும்பத்தில் போய் நிற்கும்.

எரிந்த ஊரில் ஒரு மர அறுவை மில்

டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் நடுவே இருக்கிறது ஷிசுவோகா. தேயிலைக்குப் பேர்போன ஊர். 1945 ஜூன் மாதம் ஒரே இரவில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். மறு வருடம், 1946-ல், யோஷியோ டாமியா என்பவர் அங்கே மர அறுவை மில் தொடங்கினார். எரிந்த ஊருக்கு முதலில் வேண்டியது மரம்தானே!

மரம் கையில் இருந்ததால், 1947-ல் பக்கவாட்டுத் தொழிலாக மரத்தில் கப்பல், விமான மாடல்கள் செய்யத் தொடங்கினார்கள். வீடு கட்டும் மரத்தைவிட இந்தச் சின்னச் சாமான்கள் நன்றாக விற்றன. 1953-ல் மர வியாபாரத்தையே விட்டுவிட்டு, டாமியா முழு நேர மாடல் கம்பெனி ஆனது.

அப்போதைய மர மாடல் என்றால், அரைகுறையாக வெட்டிய மரத்துண்டுகளும் ஒரு வரைபடமும்தான். மீதியைச் செதுக்கி, தேய்த்து, பெயின்ட் அடித்து முடிப்பது வாங்கியவர் பாடு. கைத்திறன் இருந்தால் கப்பல் வரும். இல்லாவிட்டால் கப்பல் மாதிரி ஏதோ ஒன்று வரும்.

1950-களின் நடுவில் வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட்கள் ஜப்பானுக்குள் நுழைந்தன. எல்லாப் பாகங்களும் அச்சில் வார்த்து, ஆணித்தலை வரைக்கும் தெளிவாக வந்தன. வெட்டி ஒட்டினால் போதும். மரம் விற்பது குறைந்தது. யோஷியோவின் மகன் ஷுன்சாகு, கல்லூரிப் படிப்பை முடித்து 1958-ல் கம்பெனிக்குள் வந்தபோது நிலைமை இதுதான்.

முதல் கப்பல், முதல் நஷ்டம்

1959-ல் பிளாஸ்டிக்கில் இறங்குவது என்று முடிவெடுத்தார்கள். முதல் மாடல், போரில் மூழ்கிய ஜப்பானின் பிரமாண்டமான போர்க்கப்பல் யமாட்டோ. அளவு 1/800. 263 மீட்டர் கப்பல், சுமார் 33 சென்டிமீட்டராகக் கைக்குள் வந்துவிடும்.

பிளாஸ்டிக் மாடல் தொழிலில் முதலீட்டை விழுங்குவது உலோக அச்சு. உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு அதற்குள் செலுத்திப் பாகங்களை எடுக்கிறார்கள். அந்த அச்சை வெட்டவே பெரிய தொகை வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும்.

டாமியாவின் யமாட்டோ கடைக்கு வரும்போது, போட்டிக் கம்பெனியான நிச்சிமோ அதே கப்பலை வெறும் 350 யென்னுக்கு விற்றுக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் டாமியாவும் அதே விலைக்கு இறங்கியது. அச்சுக்குப் போட்ட காசுகூடத் திரும்பவில்லை. மறுபடி மர மாடல் பக்கமே ஒதுங்க வேண்டியதாயிற்று.

இன்னொரு கிட் தோற்றால் கம்பெனி இருக்குமா என்பதே சந்தேகம். அடுத்து எதைச் செய்வது என்பதை ஷுன்சாகு ரொம்பவே கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

பான்தர் வந்தது

அவர் தேர்ந்தெடுத்தது ஜெர்மனியின் பான்தர் டாங்கி. அதற்கு ஒரு சிக்கனக் காரணமும் இருந்தது. பான்தரின் உடம்பு, சாய்வான தட்டையான தகடுகளால் ஆனது. வளைவு நெளிவு குறைவு. நேர்கோடுகள் என்றால் அச்சு வெட்டுவது சுலபம்.

சும்மா அலமாரியில் நிற்கும் மாடலாக இல்லாமல், மோட்டார் வைத்து ஓடும் டாங்கியாக அதை வடிவமைத்தார்கள். தரையில் விட்டால் புத்தகங்கள் மீது ஏறி இறங்கிப் போகும் டாங்கி எந்தச் சிறுவனைத்தான் விட்டுவைக்கும்? முதல்முறை செய்கிறவருக்கும் புரிகிற மாதிரி செய்முறைத் தாளைத் தயாரித்தார்கள். பெட்டியின் மேல் ஓவியத்துக்கு, சிறுவர் பத்திரிகைகளில் வரைந்து புகழ்பெற்றிருந்த ஷிகேரு கொமட்சுசாகியைப் பிடித்தார்கள். கடையில் நிற்கும் பையனுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தெரியாது, பெட்டிப் படம்தானே தெரியும்.

1961-ல் பான்தர் வந்தது. விற்றுத் தீர்ந்தது. கம்பெனி பிழைத்தது.

அடுத்தடுத்து வேறு டாங்கிகளையும் இதே அளவில் கொண்டுவரலாமே என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. ஷுன்சாகு தன் பான்தரை அளந்து பார்த்தார். அசலில் ஏறக்குறைய 35-ல் ஒரு பங்கு இருந்தது. அதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. மோட்டாரை ஓட்டும் இரண்டு பேட்டரிகள் டாங்கியின் வயிற்றுக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான். பேட்டரியின் பருமன் டாங்கியின் பருமனை முடிவு செய்தது. அந்த டாங்கி உலகத்தின் அளவை முடிவு செய்தது. இதைப் பின்னாளில் சொன்னவரும் ஷுன்சாகுதான்.

அளவு எப்படிப் பரவியது?

தற்செயலாகப் பிறந்த அளவு நிலைத்ததற்குக் காரணம், அதன்பின் டாமியா எடுத்துக்கொண்ட சிரமம். விலையில் மோதி அடிபட்ட கம்பெனி, துல்லியத்தின் பக்கம் திரும்பியது. வெளியாட்களை நம்பியிருந்த அச்சு வேலையை 1960-களில் தன் கூரைக்குள்ளேயே கொண்டுவந்தது. இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம், அமெரிக்காவின் அபர்டீன் ராணுவச் சேகரிப்பு என்று ஷுன்சாகு நேரில் போய் அசல் வண்டிகளைப் படமெடுத்து வந்தார். இணையம் இல்லாத காலம். ஒரு டாங்கியின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிய, அதன் பின்னால் போய் நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்தப் பிடிவாதம் எங்கே கொண்டுபோய்விட்டது என்பதற்கு, டாங்கி அல்லாத ஒரு கதையும் உண்டு. 1970-களில் போர்ஷே காருக்கு மாடல் செய்யக் கிளம்பியவர், தகவல் போதவில்லை என்று நிஜமான போர்ஷே 911 ஒன்றை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். பிரித்ததைத் திரும்பப் பூட்ட போர்ஷே ஆட்களே வர வேண்டியிருந்தது!

1968-ல் வந்த ஒரு சின்னப் பெட்டி இன்னும் பெரிய வேலை செய்தது. அதில் டாங்கியே இல்லை, டாங்கி வீரர்களின் பொம்மைகள்தான். 1/35 அளவில் ஓர் ஆள் சுமார் 5 சென்டிமீட்டர். முகமும் சட்டை மடிப்பும் தெரிகிற உயரம். ஆட்கள் வந்ததும் வெறும் டாங்கி, ஒரு காட்சியாக மாறியது. சேற்றுப் பாதை, இடிந்த சுவர், தேநீர் குடிக்கும் சிப்பாய் என்று மேசைமேல் ஓர் உலகத்தையே அமைக்கத் தொடங்கினார்கள். வேறு கம்பெனியின் ஜீப்பை அதில் நிறுத்த வேண்டுமென்றால் அதுவும் 1/35 ஆக இருக்க வேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1/32 என்று செய்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் இத்தாலி, கொரியா, ஹாங்காங், சீனா என்று பின்னால் வந்த கம்பெனிகள் பெரும்பாலும் 35-ன் பக்கமே சாய்ந்தன.

பெட்டிக்குள் என்ன இருக்கும்?

திறந்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். டாங்கி இருக்காது. மாங்கொத்தில் காய்கள் தொங்குவதுபோல, பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான பாகங்கள் எண் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். முறுக்கித் திருகிப் பிய்த்தால் பாகம் உடையும். சின்ன கட்டிங் பிளையரால் வெட்டி, மிச்சத் துணுக்கை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும்.

இதற்கான பசை வீட்டில் இருக்கும் உடனடி ஒட்டும் பசை அல்ல. மாடல் பசை, பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை லேசாகக் கரைக்கும். கரைந்த இரண்டு ஓரங்களும் ஒன்றோடொன்று கலந்து இறுகிவிடும். அதனால்தான் ஒரு சொட்டு அதிகமானாலும் ஜன்னல் வழியே பார்ப்பதுபோல விரல் ரேகை பதிந்துவிடுகிறது. அந்த நெடி தலைசுற்ற வைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் உட்கார வேண்டும்; சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கொடி, எண் போன்ற சின்னங்கள், பபுள்கம் பாக்கெட்டில் வரும் டாட்டூபோலத் தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற தாளில் வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர் ஐந்நூறு பாகக் கிட்டை வாங்கிவிட்டுப் பாதியில் மூடி வைப்பது வழக்கம். சக்கரங்கள் குறைவாக உள்ள ஜீப்போ, ஒற்றை இன்ஜின் விமானமோ முதல் மாடலுக்குப் போதும்.

குழந்தை கையில் போர்க்கருவியா என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான். மாடல் செய்கிறவர்களோடு கொஞ்சம் பேசினால் ஒன்று தெரியும். அவர்கள் துருவைப் பற்றியும் சேற்றைப் பற்றியும்தான் அதிகம் பேசுவார்கள். 1943 கோடையில் கூர்ஸ்க் போர்க்களத்துக்கு முதன்முதலாக வந்த பான்தர்களில் எத்தனையோ, எதிரி சுடாமலே இன்ஜின் கோளாறிலும் தீயிலும் நின்றுபோயின என்பது ஒரு பான்தரை ஒட்டி முடித்தவருக்கு எப்படியும் தெரிந்திருக்கும். சினிமா காட்டாத போர் அது.

ஷுன்சாகு டாமியா 2025 ஜூலையில், 90 வயதில் காலமானார். டாமியா மட்டுமல்ல, அயோஷிமா, ஃபுஜிமி கம்பெனிகளும், பண்டாயின் கண்டம் ரோபோ மாடல் தொழிற்சாலையும் அதே ஷிசுவோகாவில்தான் இருக்கின்றன. ஆண்டுதோறும் மே மாதம் அங்கே மாடல் கண்காட்சி நடக்கிறது. ஊருக்குள் ஒரு தபால் பெட்டியை, பாகம் பாகமாகச் சட்டத்தில் தொங்கும் கிட் வடிவத்தில் ஆளுயரத்துக்குச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அதில் கடிதம் போட்டால் போய்ச் சேரும்.