நோவுக்குக் கரண்ட் வைப்பது: எது யாருக்கு?

"முதுகு நோவுக்குக் கரண்ட் வைத்தால் சுகம் வருமாமே டொக்டர்?" வைலேயில் எம்மவர்களைச் சந்திக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. துப்புரவு வேலையிலும் தொழிற்சாலையிலும் வருடக்கணக்காக நின்றவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் கரண்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வைத்தியங்கள் பேசப்படுகின்றன.

ஒன்று, தோலில் ஒட்டும் ரென்ஸ். சிறிய பற்றரிப் பெட்டி, இரண்டு அல்லது நான்கு ஒட்டுத் துண்டுகள். அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் நோ குறைகிறதல்லவா? ஏறக்குறைய அதே விதம்தான். இதை 1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் விளக்கினார்கள். விநாடிக்கு 80 முதல் 100 துடிப்பு வைத்தால் கூச்சம் தெரியும். 2 முதல் 4 வைத்தால் தசை துடிக்கும். மோர்பின் வகைக் குளிசை நெடுநாள் எடுப்பவர்களுக்கு இந்த மெதுவான முறை அவ்வளவு உதவாமல் போகலாம்.

2022இல் 381 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கருவி வேலை செய்யும்போதும் கழற்றிய உடனேயும் நோ குறைகிறது. அதற்குப் பின் நிலைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு நாரி நோவுக்கு இதைச் சிபாரிசு செய்வதில்லை. எமது எண்ணம்: முதலில் இரவல் வாங்கிப் பாருங்கள். சமைக்கவோ நடக்கவோ அந்த ஒரு மணித்தியாலம் உதவினால் அதுவே லாபம். பயந்து மிகக் குறைவாக வைத்துவிட்டுச் சரிவரவில்லை என்பவர்களே அதிகம். நோகாத அளவுக்குப் பலமாகத் தெரிய வேண்டும்.

பேஸ்மேக்கர் உள்ள அம்மா, அப்பாவுக்கு மகனின் பெட்டியை வைக்க வேண்டாம். கழுத்தின் முன்புறம், கர்ப்பிணியின் வயிறு, நீரிழிவால் உணர்விழந்த பாதம் ஆகியவற்றிலும் வேண்டாம்.

மற்றது, முள்ளந்தண்டினுள் வயர் செலுத்திப் பற்றரியைத் தோலுக்கடியில் புதைப்பது. 1967இல் அமெரிக்காவில் ஷீலி என்ற வைத்தியர் தொடங்கியது. இங்கே ஓகூஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் செய்கிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின்னும் காலில் நரம்பு நோ மாறாதவர்கள் போன்ற சிலருக்கே இது. ஆனால் 2022இல் நோர்வேயில் அப்படியான 50 பேரிடம், கருவி இயங்கிய காலத்தையும் நிறுத்தியிருந்த காலத்தையும் அவர்களுக்குத் தெரியாமல் ஒப்பிட்டபோது, பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. கிருமி தொற்றலாம், வயர் நகரலாம், பற்றரி மாற்றவும் வேண்டிவரும். ஆகவே இதை நாம் கடைசி வரிசையில்தான் வைக்கிறோம்.

முதுகு நோவுடன் சலம் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ எந்தப் பெட்டியையும் தேட வேண்டாம். நள்ளிரவென்றாலும் அவசர வைத்தியருக்கு உடனே அழையுங்கள்.