சான்று மாதிரிக்குத்தான்; சரக்குக்கு யார் பொறுப்பு?

சிசிடிவி கேமராக்களுக்கான புதிய பாதுகாப்பு விதி 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயமானது. சீனாவின் ஷென்சென் ஆலைகளில் செய்து வாங்கும் பெங்களூரு சிறு நிறுவனங்களும் அங்குள்ள எஸ்.பி. ரோடு மின்னணுச் சந்தை வியாபாரிகளும் எழுதிக் கேட்பது ஒன்றைத்தான்: சான்று கிடைத்துவிட்டால் வருகிற சரக்கு தரமானதுதானே?

அப்படி நம்பிவிட முடியாது. இந்தச் சான்று, இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸின் கட்டாயப் பதிவு; அதைத் தர உறுதி என்று விளம்பரப்படுத்துகிறார்கள். ஆலை தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்த மாதிரி ஆய்வகத்தில் தேறியது, இனிச் செய்வதும் அப்படியே இருக்கும் என்று ஆலை எழுதிக் கொடுத்தது; பதிவு சொல்வது அவ்வளவே. சந்தையில் வாங்கிச் சோதிக்க பி.ஐ.எஸ்.ஸுக்கு அதிகாரம் உண்டு. அதற்குள் சரக்கு கடைக்கு வந்திருக்கும்.

கப்பலேறும் முன் பார்ப்பவர், நீங்கள் அமர்த்தும் பரிசோதகர். அவர் நம்பியிருப்பது ஐ.எஸ்.ஓ. 2859 மாதிரி அட்டவணை. 1,000 கேமராவில் 80-ஐ எடுப்பார். பெரிய குறைகளுக்கு வழக்கமாக வைக்கும் 2.5 என்ற ஏற்புத் தர (AQL) அளவுகோலில் 5 பழுது வரை சரக்கு தேறும். 6 வந்தால் தேறாது. நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் பழுது வராது என்றே பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரத்தில் 50 பழுது இருந்தாலும், அந்தச் சரக்கு ஏறக்குறைய ஐந்தில் நான்கு தடவை தேறிவிடும். நல்ல சரக்கு தவறிப்போய்த் திரும்பிவிடாமல் ஆலையைக் காப்பதில்தான் அட்டவணைக்கு அக்கறை அதிகம்.

அந்த 80-லும் அகப்படாதது, மாற்றிப்போட்ட உதிரிபாகம். பவர் போர்டில் 105 டிகிரி கெப்பாசிட்டருக்குப் பதில் விலை குறைந்த 85 டிகிரி ரகத்தைப் போட்டாலும் மேசையில் படம் பளிச்சென்று வரும். வெயில் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் அதன் ஆயுள் ஏறத்தாழக் கால் பங்குதான். புதிய விதி முக்கிய உதிரிபாகங்களின் பட்டியலைக் கேட்பது நல்லதே. ஆனால் ஒவ்வொரு சரக்கிலும் பெட்டியைத் திறந்து பட்டியலோடு ஒப்பிட வேண்டியவர் வாங்குபவர்தான்.

மற்ற கேள்விகள்:

80 போதுமா? 1.0 அளவுகோலைக் கேளுங்கள். 2 பழுதுக்கு மேல் தேறாது.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது? ஒவ்வொரு உதிரிபாகத்தின் கம்பெனிப் பெயர், பார்ட் நம்பர். கேட்காமல் மாற்றக் கூடாது என்ற வரி.

ஆலையை மாற்றினால்? பழைய பதிவு செல்லாது. அது ஆலை முகவரிக்கு உரியது.

மீதிப் பணம் எப்போது? பரிசோதனை தேறிய பிறகு.

தேறிய சரக்கில் பழுது வந்தால்? பொறுப்பை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால் நஷ்டம் உங்களுடையது.